ஆளுக்கு ஒரு சீட்டு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, உன்னைப் போலவே.

தொண்டை ஆபரேஷனில் பேச்சுப் போன அப்பா, நான்கு வருஷம் எனக்கு எழுதிக் காட்டிய சீட்டுகள். அவர் போய் இரண்டு வருஷமாகியும் அவற்றை மூன்று பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருந்தேன். கண்காட்சி முடிந்ததும் பத்திரமாகத் தருகிறேன் என்றுதானே வாங்கிப் போனாய்? ஞாயிற்றுக்கிழமை உன் கண்காட்சி நடக்கும் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு வந்தேன். வெள்ளை அறை, நடுவே நீள மேஜை, அதன்மேல் அப்பாவின் சீட்டுகள். பக்கத்தில், "ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லலாம்" என்று பலகை.

நானும் வரிசையில் நின்றேன். தேடிக்கொண்டிருந்தபோது காவலர், "ஒண்ணு எடுத்துட்டு நகருங்கம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். கைக்குக் கிடைத்தது "ஃபேனைக் குறை".

மற்றதெல்லாம் போகட்டும். பச்சை மையில் "சாப்பிட்டியா?" என்று எழுதிய சீட்டு மட்டும் எனக்கு வேண்டும். தேடிப் பார்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுவதென்று தெரியாமல் ஒரு வாரம் போய்விட்டது. நகல்களை வைப்பதாகத்தான் இருந்தேன். அசல் என்றால்தான் எடுக்கிறவர்களுக்குக் கை நடுங்கும் என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர். தலையாட்டிவிட்டேன். நீ மறுப்பாய் என்று தெரிந்தேதான் உன்னிடம் கேட்கவில்லை.

இன்னொன்று. அன்றைக்கு வரிசையில் உன்னைப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காவலர் சொன்னதும் காதில் விழுந்தது.

பச்சை மைச் சீட்டு மேஜைக்கே போகவில்லை. முதல் நாளே எடுத்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அப்பா எனக்கென்று ஒரு சீட்டும் எழுதியதில்லை. நான்தான் பார்க்க வரவே இல்லையே. உன்னைக் கேட்டதை என்னைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். திட்டியாவது எழுது.

உன் தம்பி

மார்ச் 19

தம்பி,

சீட்டு வந்தது. திருப்பி அனுப்புகிறேன்.

கடைசி மாதம் ஒரு மத்தியானம் நீ போன் செய்தாயே, ஸ்பீக்கரில் போட்டு அப்பா பக்கத்தில் வைத்தேன். உன் குரலைக் கேட்டதும் பேனாவை வாங்கி இதை எழுதினார். உனக்குப் படித்துக் காட்டச் சொல்லிப் போனைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எனக்கு உன்மேல் அத்தனை கோபம். "அப்பா தூங்குறார்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

உன்னிடம் கொடுக்கத்தான் அதைக் கேட்டேன். காரணத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

டப்பாக்கள் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வா. அவர் கேட்டு இரண்டு வருஷமாகிறது. வந்து பதில் சொல்லிவிட்டுப் போ.

அக்கா