பள்ளிச்சுவர் வளைவில் அவளை விடாதே

என் செல்லத்துக்கு,

இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் இருமல் நின்றதா, முழங்கால் மடக்கும்போது இன்னும் பிடிக்கிறதா என்று தெரிந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓட்டி அப்பாவுக்கு இடுப்புவலி திரும்பியிருக்கிறது, டாக்டர் பெல்ட் போடச் சொன்னார், போட்டால் தொப்பை தெரிகிறதாம், கழற்றி நாற்காலிக்கு மாட்டிவிட்டார். சமையலறைக் குழாய் பழையபடி சொட்டுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் உன் புது அணி தங்கவைத்திருக்கும் வீட்டில் ஆறு பெண்கள், எப்போது கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முட்டை உரிக்கிறாய், நான் வாயைத் திறந்ததுமே "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். இது அந்த ஆறு பேர் காதில் விழக் கூடாத விஷயம். அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்குள் வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் அடித்துச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை உன் பழைய சைக்கிள் அணியின் மேலாளர் என் தொழிற்சாலைக்கே போன் செய்தார். மேஜை முழுக்கச் சட்டைகளைப் பரப்பிப் பொத்தான் துளை பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை வெளியே அனுப்பிய பிறகு ஒரு முறைகூட விசாரிக்காத மனிதர், "எப்படிம்மா இருக்கீங்க, பாப்பா இப்ப நல்லா ஓட்டுதாமே" என்று குழைந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில், கடைசி ஏற்றத்தில் அவர்கள் தலைவி முன்னால் பாயும்போது நீ துரத்தக் கூடாதாம். "வேற ஒண்ணும் செய்ய வேணாம்மா, துரத்தாம இருந்தா போதும். அடுத்த வருஷம் நம்ம அணியில அவளுக்கு ஒரு இடம் இருக்கு. நீங்க சொன்னா கேப்பா" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த சட்டையின் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவரே "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு போகிற குடும்பம் என்று நம்மைப் பற்றி அவ்வளவு நிச்சயம் அவருக்கு. அப்பாவிடம் சொன்னபோது, "அப்பவே மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னிருக்கணும், இப்ப அந்தாளு நாம வாக்குக் குடுத்துட்டதா நெனச்சுக்குவான்" என்று சத்தம் போட்டார். நெனச்சுக்கட்டும் என்றேன். "படிச்சவ பண்ற வேலையாடி இது" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "ஆமா, அந்த ஏத்தத்துல பள்ளிச்சுவர் வளைவு எந்தப் பக்கம் திரும்புது" என்றார். உன் அப்பாவை உனக்குத் தெரியாதா.

போன வருடத்தை நான் மறக்கவில்லை, நீ மறந்துவிட்டதாகச் சொல்வதையும் நம்பவில்லை. இதே பந்தயம், இதே ஏற்றத்தின் அடிவாரம், உங்கள் தலைவி, அந்த மகாராணியின் முன் சக்கரம் பஞ்சர். நீ இறங்கி உன் சக்கரத்தைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாய். அணியில் சின்னவள் அப்படித்தான் கொடுக்க வேண்டும், அது உங்கள் வழக்கம், அதில் எனக்குக் குறையில்லை. ஒற்றைச் சக்கரச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நீ சாலையோரம் நின்றதைத் தொலைக்காட்சி இரண்டு நொடிதான் காட்டியது. வென்றுவிட்டு மைக்கின் முன்னால் அவள் என்ன சொன்னாள்? "அடிவாரத்திலேயே அந்தப் பொண்ணு களைச்சுப் போயிட்டா, நான் தனியாத்தான் ஏற வேண்டியதாப் போச்சு." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் ஏற்றம் தாங்காதவள் என்று எழுதி உன்னை அனுப்பினார்கள். மறுத்துப் பேசாதே, பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள் என்று அன்றைக்கு உன் வாயை அடைத்தவள் நான். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, கல்லூரியில் கடைசிப் பரீட்சை பாக்கி, யாரையும் எதிர்த்துப் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தை உனக்கும் ஊட்டிவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இப்போது கவனமாகப் படி. முதல் அறுபது கிலோமீட்டர் ஆற்றோரம், பக்கக் காற்று, கூட்டத்துக்கு நடுவிலேயே இரு, உன் புது அணித் தோழிகள் உனக்குக் காற்றை மறைத்து ஓட்டுவார்கள். குறுகிய பாலத்துக்கு முன்னால் முதல் பத்துப் பேருக்குள் வந்துவிடு, அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள், கேமரா உன்னை விட்டு நகரும் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். கடைத்தெரு திரும்பியதும் ஏற்றம், ஆயிரத்து நூறு மீட்டர். முதல் நானூறு லேசாக இருக்கும், அவசரக்காரிகள் பாய்ந்து போவார்கள், போகட்டும். மகாராணியின் பின் சக்கரத்தை விட்டு நகராதே. அவளுடைய ஒன்பது பந்தயங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், நாள் முழுக்கத் தையல் பிசகைத் தேடும் கண் இது. பாய்வதற்கு முன்னால் அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிகிறாள், பாரம் குறைய. எறிந்து எட்டு மிதி உட்கார்ந்தே மிதிக்கிறாள், பிறகுதான் எழுகிறாள். ஒன்பதிலும் அப்படியே. பாட்டில் போனதும் நீ தயாராகிவிடு. பள்ளிச்சுவர் வளைவில் நூறு அடிக்குப் பத்தொன்பது அடி ஏறுகிறது சாலை. குறுக்கு வழி என்று அவள் எப்போதும் உள்பக்கம் ஒட்டிப் போகிறாள். அப்பா சொல்கிறார், "உள்பக்கம் செங்குத்து ஜாஸ்தி, போனா வண்டி தெணறும், தூரம் கூடினாலும் வெளிப்பக்கம்தான் ஏறும், பாப்பாவ வெளிப்பக்கம் போகச் சொல்லு." அங்கேதான் நீ அவளைத் தாண்ட வேண்டும். மேலாளர் சொன்னதை வைத்து நீ துரத்த மாட்டாய் என்று நம்பிக்கொண்டிருப்பாள், திரும்பியே பார்க்க மாட்டாள். இடிக்காதே, வழி மறிக்காதே, ஒரு வார்த்தை பேசாதே. மைக்கில் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்காமல் சுத்தமாகத் தோற்க வேண்டும் அவள். வளைவு முடிந்ததும் சாலை கொஞ்சம் இளகும், கியரை ஒரு படி ஏற்றிக்கொண்டு முடிவுக் கோடு வரை போய்விடு. முன்னாள் அணியில் இடம் வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் அது உன் வாழ்க்கை, நான் கேட்க மாட்டேன். தோன்றாது என்று நினைக்கிறேன்.

மனசும் காலும் உறுதியாக இருக்கட்டும், விழாமல் கொள்ளாமல் முழுசாக வந்து சேர், அதற்குத்தான் இரண்டு பேரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம். காலையில் வெறும் காப்பியோடு கிளம்பாதே. இதைப் படித்ததும் கிழித்துப் போடு. சனிக்கிழமை ரயிலில் இரண்டு பேரும் வருகிறோம், ஆனால் கோட்டில் என்னைத் தேடாதே. துண்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டு அப்பா நிற்பார். நான் கீழே வளைவில் நிற்பேன். நீ தாண்டும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் எனக்கு. அதன் பிறகுதான் மேலே ஏறுவேன், அந்தச் செங்குத்தில் நேரமாகும், எனக்காகக் காத்திருக்காமல் மேடையேறிவிடு.

ஞாயிற்றுக்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கும்
உன் அம்மா