வரி முடிவில் ஒரு மூச்சு

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆர்கன் மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஆயர் வந்து பக்கத்தில் நின்றார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் யாருக்கோ ஏதோ பறிபோகிறது என்று அர்த்தம்.

"கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுங்களேன்மா. உங்க மருமகளும் நல்லாத்தானே வாசிக்கிறாங்க."

போன வாரம் மூன்றாம் சரணத்தில் என் சுண்டுவிரல் மரத்துப்போய் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "சரிங்கய்யா" என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து உட்கார்ந்த பெஞ்சு அது. சரிங்கய்யாவாம்.

ஜூன் 4

பொறுமை தாரும் என்று ஜெபித்தேன். கேட்டிருக்கவே கூடாது. ஆண்டவர் பொறுமையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில்லை, பழகிக்கொள்ள ஆளை அனுப்பிவிடுகிறார். அந்த ஆள் இப்போது சமையலறை மேசையில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை விரலால் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 9, ஞாயிறு

வாசித்தாள். ஒரு தப்பு இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் கடிகாரம் மாதிரி வாசிக்கிறாள், யாருக்காகவும் நிற்பதில்லை. மூன்றாவது வரிசையில் 'இழுவை' இருக்கிறாரே, பாடகர் குழு வைத்த பெயர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தப் பாட்டானாலும் எல்லாரையும் விட அரை வரி பின்னால் வருவார். லாரியையும் இப்படித்தான் ஓட்டினாரோ என்னவோ. இத்தனை வருடமும் ஒவ்வொரு வரி முடிவிலும் அவருக்காகக் கொஞ்சம் நிறுத்தித்தான் அடுத்த வரிக்குப் போவேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவேன். சபையில் அதற்கே பாராட்டு: "அம்மா வாசிச்சா மூச்சு விட்டுப் பாடலாம்."

இன்று எல்லாரும் ஆமென் முடித்த பிறகும் அவர் ஒருவர் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து சிரிப்பு. எனக்கு உள்ளே இனித்தது. இவள் தோற்கட்டும் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது. என்ன மனுஷி நான்.

ஜூன் 12

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் ஒரு மூக்குக் கண்ணாடியின் குட்டித் திருகாணி கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. கையில் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. ஒரு பெரியவர் இருக்கிற சட்டமெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு முதலில் போட்டதையே கேட்டார். சிரித்தேன். முதலாளிதான் வற்புறுத்தி டாக்டரிடம் அனுப்பினார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம், அறுவை செய்ய வேண்டுமாம். திரும்ப வாசிக்க முடியுமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். டாக்டர்களின் 'பார்ப்போம்' எனக்குத் தெரியாதா.

ஜூன் 23, ஞாயிறு

எனக்கு வருத்தம் இருக்கக்கூடாது என்று ஆயர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: பாட்டு எண் பலகையில் எண்களை மாட்டுவது. பிரசங்கமும் விருந்தில் கடைசி இடத்தில் போய் உட்காருவதைப் பற்றித்தான். நம் பழமொழி பந்திக்கு முந்து என்கிறது, ஆண்டவர் பிந்து என்கிறார். நான் இரண்டுக்கும் நடுவில் பலகையோடு நின்றேன்.

இன்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். பாட்டு 196. நான் மாட்டியது 199. கடைசி ஆறு தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. 199 அடக்க ஆராதனைக்குப் பாடுவது.

ராகம் 196-க்கு உரியது, சபை விரித்து வைத்திருந்ததோ 199. இரண்டுக்கும் அடி அளவு ஒன்று. ஒரு சரணம் முழுக்க, கல்லறையைப் பற்றியும் மண்ணுக்குத் திரும்புவதைப் பற்றியும், அந்தப் பச்சைக்குழந்தையின் முகத்துக்கு நேரே பாடி முடித்துவிட்டார்கள். தாய் அழுதுவிட்டாள்.

மருமகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தாள். பலகையை ஒரு தரம் பார்த்தாள். "மன்னிச்சுக்கோங்க. எண்ணை மாத்திக் குடுத்தது நான்தான்" என்றாள்.

எண்ணைச் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். நான்தான் கண்ணாடி போடவில்லை. கோயிலுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் கிழவியாகத் தெரிவேனாம். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள்!

வாயைத் திறக்கவில்லை நான்.

ஜூன் 24

ஏன் திறக்கலை? நாக்கு என்ன ஒட்டிக்கிச்சா? தேநீர் குடிக்கும்போது ரெண்டு பேர் எங்கிட்டயே வந்து "சின்னப் பொண்ணுதானே, பழகிடும்"னாங்க. தலையாட்டினேன். தலையாட்டினேனே! மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்பாங்க. இங்கே உடைச்சதே மாமியார்தான், பொன்குடப் பழி மட்டும் அவ தலையில.

ஜூன் 26

இன்று கேட்டேவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"நீங்களே பெஞ்சை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கீங்க அத்தை. அதுக்கு மேல இதுவுமான்னு தோணுச்சு."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இரக்கப்பட்டால் என்ன செய்வது? கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். "போன வாரம் எண்ணைத் தலைகீழா மாட்டினது நான். என் மருமக இல்ல. கண்ணாடி போடாம வந்துட்டேன்."

சபை சிரித்தது. ஆயரும் சிரித்தார். குழந்தையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அவளுக்கு அந்த உரிமை உண்டு. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 9

அறுவை முடிந்தது. வலது கை முழங்கை வரை கட்டு. தலை வாரிவிடுவது, கொக்கி மாட்டிவிடுவது, எல்லாம் மருமகள். முடியை இழுக்காமல் வாருகிறாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பது பெரிய கஷ்டம்.

ஜூலை 14, ஞாயிறு

தாமதமாகப் போனதால் மூன்றாவது வரிசையில்தான் இடம். பக்கத்தில் இழுவை. என்னால் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. அவர் தன் புத்தகத்தை விரித்து என் பக்கமாக நீட்டிப் பிடித்தார். பாடத் தொடங்கினார். நான் குனிந்து பார்த்தேன். பக்கம் வேறு, பாட்டு வேறு. அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, எழுத்து தெரியலையா?"

"கண்ணாடி உடைஞ்சு ரொம்ப வருஷமாச்சும்மா. பக்கத்துல பாடறவங்க வாயிலேர்ந்து பிடிச்சுக்குவேன். அதான் கொஞ்சம் பின்னாடி வருவேன். நீங்க நிறுத்தி நிறுத்தி வாசிப்பீங்களே, அது எனக்குப் பெரிய உபகாரம்."

பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? வாரத்தில் ஆறு நாள் பார்ப்பதெல்லாம் கண் மங்கிய ஆட்களைத்தான். ஏழாம் நாள் கண்ணெதிரே ஒருவர். தெரியவில்லையே எனக்கு.

ஜூலை 17

அவரைக் கடைக்கு வரவழைத்துவிட்டேன். "இந்த வயசுல எனக்கெதுக்கும்மா அழகு" என்று முரண்டு பிடித்தார். புதுக் கண்ணாடியைப் போட்டதும் பார்வை சோதிக்கும் அட்டையின் கடைசி வரியையும் படித்துவிட்டு, போதும் என்று சொன்ன பிறகும் நிறுத்தாமல் எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியையும் படித்தார். இருமல் மருந்து விளம்பரத்தையும் படித்தார்.

ஆகஸ்ட் 9

டாக்டர் சொல்லிவிட்டார். கரண்டி பிடிக்கலாம், பொத்தான் போடலாம். கட்டைகளில் ஓடுகிற அளவுக்குச் சுண்டுவிரல் இனி வராது.

மாலையில் நானே ஆயர் வீட்டுக்குப் போனேன். "பெஞ்சை எனக்காக வச்சிருக்க வேணாம்யா. அவ பேர்லயே இருக்கட்டும்." இந்த முறை சிரிக்கவில்லை. வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இது தாழ்மையா, வேறு வழியில்லாமையா? ஆண்டவருக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். அவரும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சரியான பக்கத்தை விரித்தார். அப்படியும் அரை வரி பின்னால்தான் வந்தார். "பழகிப்போச்சும்மா" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாம் சரணத்தில்தான் கவனித்தேன். வரி முடிவில் ஆர்கன் நின்றது. கொஞ்சமே. அடுத்த வரியிலும் நின்றது. பாட்டு முடியும்வரை ஒவ்வொரு வரியிலும் நின்றது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாப்பிடும்போது மருமகளிடம் சொன்னேன். "அவருக்காக இன்னிக்கு நிறுத்தினே பாரு, நல்லா இருந்துச்சு."

தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அவருக்காக இல்ல அத்தை. உங்களுக்காக. இப்பல்லாம் நீங்களும் பின்னாடிதான் வர்றீங்க."

அவள் பாத்திரம் கழுவினாள். தேறிய கையால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். நேரம் பிடித்தது. அடுத்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.