ஒரு பழைய காமிக்ஸுக்கு இவ்வளவா?

அன்புக் குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார், இதில் ஒரு விஷயம் இப்போதைக்கு அவர் காதில் விழக் கூடாது. அதனால் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற மேசையில், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

உன் அத்தை உன்னிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று தெரியும். "ரெண்டுக்கும் மூளை குழம்பிடுச்சு, ஒரு கிழிஞ்ச காமிக்ஸுக்கு ஃப்ரிட்ஜ் விலை கொடுத்திருக்குங்க" என்றாளாம். நீயும் யாரும்மா உங்களை ஏமாத்தினது என்று அன்றைக்கு அப்படிக் கத்தினாய். யாரும் ஏமாற்றவில்லை குட்டி. ஏமாற்றியிருந்தால்கூடத் தேவலை, திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருப்பான்.

எங்கள் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவர் காமிக்ஸ் சேர்க்கிற பைத்தியம். ஒவ்வொரு புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வருவார். ஆன்லைன் ஏலத்தில் அவர் கேட்கிற விலையைப் பார்த்து ஒருநாள், அதே கதை புதுசா அச்சுப் போட்டுக் கடையில விக்கிதே, உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அக்கா, புத்தகத்துக்குன்னு ஒரு விலை கிடையாது. ரெண்டு பேர் வேணும், ரெண்டு பேருக்கும் விட மனசு வரக் கூடாது. அவ்வளவுதான். கடைசி ரெண்டு நிமிஷம் நாம புத்தகத்தை வாங்கறதே இல்லக்கா. நம்ம வீட்டுப் பொருளை எவனோ தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு பதற்றம் வரும், அதுக்குத்தான் காசு" என்றார். அன்றைக்குச் சிரித்தேன். அவர்தான் என் போனில் அந்த ஏலப் பக்கத்தைப் போட்டுக் காட்டினார். அதில் ஏலம் கேட்கிறவர்களின் பெயரை நட்சத்திரம் போட்டு மறைத்துவிடுவார்கள். கிறுக்கல் உள்ள பிரதி என்றால் சல்லிசாகப் போகும், யாரும் தொட மாட்டார்கள் என்றும் சொன்னார்.

போன மாதம் அப்படி ஒரு கிறுக்கல் பிரதி வந்தது. விமானம் ஓட்டுகிற துப்பறிவாளன் கதை, உன் அண்ணன் உயிரை விடுவானே, அதுதான். முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். நீல மையில், "கேட்காமல் தொட்டால் உதை விழும்". உன் அண்ணன் தன் புத்தகம் ஒவ்வொன்றிலும் எழுதி வைத்த அதே வரி. அவன் போன அதே வாரம் உன் அப்பா அவன் காமிக்ஸ் பெட்டியை அப்படியே பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிக் கொடுத்தாரே, பன்னிரண்டு வருஷம் எங்கெங்கோ சுற்றி அதில் ஒன்று திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெட்டி போனதிலிருந்து எங்கள் வீட்டில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, உனக்குத் தெரியாததா. நான் எடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார், அவர் முகம் மாறினால் நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏலம் முடிகிறது. நான் சமையலறையில் போனோடு, உன் அப்பா முன்னறையில் கம்ப்யூட்டரில், கடைக்கு மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருந்தார். நான் ஒரு விலை கேட்டால் எவனோ உடனே மேலே கேட்கிறான். விடுவேனா, நானும் ஏற்றினேன். அவனும் ஏற்றினான். எக்ஸ்ரேக்காரர் சொன்ன அந்தப் பதற்றம் எனக்கும் வந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், முன்னறையிலிருந்து "ச்சே, யார்ரா இவன்" என்று சத்தம். முதலில் காதில் வாங்கவில்லை. அடுத்த முறையும் நான் அழுத்தியதும் "சனியனே, விட்டுத் தொலையேண்டா" என்று கேட்டது. போனைக் கையில் பிடித்தபடியே போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டரில் அதே பக்கம், அதே நீல மை. அவர் விரல் மறுபடி அழுத்தப் போனது. "அந்த இவன் நான்தாங்க" என்றேன். அவர் திரும்பி என் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயா" என்று கேட்டார், அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏலம் என் பெயரில் முடிந்தது. இப்படி ஒரு போட்டியை நான் பார்த்ததே இல்லை என்று விற்றவர் வாழ்த்து வேறு அனுப்பியிருந்தார், பாவம்.

புத்தகம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். "எழுத்து சுத்தமா இருக்கே" என்றார். உன் அண்ணன் இடது கைக்காரன். எழுத எழுத அவன் கையே அதன்மேல் நகர்ந்து மையை ஈஷிவிடும், ஒரு வரி உருப்படியாக இருக்காது. தினமும் அந்த உள்ளங்கை ஓரத்தைத் தேய்த்துக் கழுவியவள் நான், எனக்குத் தெரியாதா, பார்சலைப் பிரித்ததுமே இது அவன் எழுத்தில்லை என்று தெரிந்துவிட்டது. உலகத்தில் எல்லாப் பையன்களும் அதையேதான் எழுதுகிறார்கள் போல. எனக்கும் தெரியும் என்றேன். அவர் புத்தகத்தை மூடவில்லை, எழுந்தும் போகவில்லை. அவன் மை ஈஷிக்கொண்டு வந்து புதுச் சுவரில் கை வைத்ததை, அதற்காகத் தான் அடித்ததைச் சொன்னார். நான் அவன் கடைசி நான்கு நாள் காய்ச்சலைச் சொன்னேன். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்தப் பெட்டி வீட்டில் இருந்தால் செத்துடுவேன்னு நினைச்சேன், அதான் கொடுத்தேன், குட்டி என்னை மன்னிக்கவே மாட்டா என்றார். இப்போது சொல், நாங்கள் அதிகமாகக் கொடுத்துவிட்டோமா?

இனி அவர் அறியாத விஷயம். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன் பெட்டியை அடுக்கியவள் நான். சாம்பல் நிற ஸ்வெட்டருக்குள் ஒன்பது வயதிலிருந்து நீ ஒளித்து வைத்திருந்த அண்ணன் புத்தகத்தைப் பார்த்தேன். மை ஈஷிய முதல் பக்கத்தையும் பார்த்தேன், உதை விழும் என்பதற்குக் கீழே "குட்டி மட்டும் தொடலாம்" என்று இருந்ததையும். பார்க்காத மாதிரி மடித்து வைத்துவிட்டேன். அதை நான் கேட்கவில்லை, அது உன்னுடையது. ஆனால் அந்த மனுஷன் ஏலத்தில் வந்த புத்தகத்தை இன்னும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.

ராத்திரி முழித்து வேலை பார்க்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது நான் போனை அப்பா கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவேன். அந்தப் பக்கத்தை நீயே அவருக்குக் காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா