ஏழாம் பாகத்துக்கு நான் இட்ட ஆறு புள்ளி

அந்த வீடியோ விளையாட்டின் ஏழாம் பாகம் தரவிறங்கி முடிந்த காலையில், கையில் பிடித்து விளையாடும் என் கொன்ட்ரோலர் வேலை செய்ய மறுத்துவிட்டது. அலுமாரியைத் திறந்து உன்னுடையதை எடுத்தேன். நீ இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் உன் அம்மா அதை என் கையில் தந்தார். அன்றிலிருந்து துணியில் சுற்றியபடியே கிடந்தது. பிரித்ததும் தைல வாசம் வந்தது. உன் விரல்களுக்கு அம்மா காலையும் மாலையும் பூசிவிட்ட தைலம். பொத்தான்களின் இடுக்கில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. சற்று நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகுதான் விளையாட்டைத் தொடங்கினேன்.

முதலாம் பாகத்தை ஊர்காவற்றுறையில் உன் வீட்டில் வைத்து விளையாடினோம். பிரான்சிலிருந்து உன் அண்ணை அனுப்பிய விளையாட்டுப் பெட்டி. கடல் வற்றிப்போன ஒரு கோள். அதன் சுரங்கங்களில் வாழும் உயிர்கள். அவற்றோடு சண்டைக்கு வந்திறங்கிய மனிதர்கள். முதல் வெடி கேட்டதுமே அம்மா சமையலை விட்டுக் குசினியிலிருந்து வந்து கதவடியில் நின்றார்.

"பிள்ளையள், அந்தத் துவக்குச் சத்தம் மட்டும் வேண்டாம். யுத்தத்திலை நாங்கள் கேட்டது காணும்."

அன்றிலிருந்து சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டுத்தான் விளையாடினோம். காலடி ஓசை கேட்காதபடியால் இடப்பக்கத்தை நீ பார்க்க வேண்டும், வலப்பக்கத்தை நான். நடுவில் நீ கேட்பாய்: "கடலே இல்லாத இடத்துக்கு ஏனடி இவ்வளவு சண்டை?" உன் அப்பாவும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போய் வந்து வாழ்ந்த வீடு அது. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

நீ முன்பள்ளி ஆசிரியை ஆனாய். நான் என் ஊரான சரவணையில் இருந்தபடியே ஓர் இணையத்தளத்துக்கு விளையாட்டுகளைப் பற்றி எழுதத் தொடங்கினேன். ஆறாம் பாகம் வந்தபோது எனக்குக் கொஞ்சம் பெயரும் வந்திருந்தது. குறி தானாகவே எதிரியில் போய் நிற்கும் வசதி ஒன்றை அதில் சேர்த்திருந்தார்கள். நான் எழுதினேன்: 'துவக்கே தேடிப்போய்ச் சுடுகிறது, விளையாடுபவர் படுத்துறங்கலாம். கை ஒழுங்காக உள்ள எவருக்கும் இது அவமானம்.' பத்துக்கு மூன்று புள்ளி. அந்த வரியை வெட்டி எடுத்துப் பலர் பகிர்ந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிறு உன் வீட்டுக்கு வந்தேன். நீ பாராட்டுவாய் என்று நினைத்தேன்.

"வாசிச்சனான்," என்றாய்.

"எப்பிடிக் கிடக்கு?"

"கதை மோசம் எண்டு எழுதினது சரி." பிறகு சொன்னாய்: "எனக்குக் குறி தானாப் போய் நிக்கிற அந்த உதவி இல்லாட்டி விளையாட ஏலாதடி."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீ வலது கையை நீட்டி மூடப் பார்த்தாய். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைந்தன. தசைகள் மெலிந்துகொண்டு போகும் நோய் என்று அப்போதுதான் சொன்னாய். ஆறு மாதமாகக் கரும்பலகையில் எழுத வெண்கட்டி பிடிக்க முடியவில்லையாம். பிள்ளைகளுக்கு வாயாலேயே எழுத்துச் சொல்லிக் கொடுத்தாயாம். மாதத்தில் இரண்டு தடவை உன்னைப் பார்க்க வந்துபோன எனக்கு அது கண்ணில் படவில்லை.

அந்த வரியை உடனே அழிப்பதாகச் சொன்னேன்.

"அழிக்காதை. நான் சொல்லி அழிச்சதா இருக்கும். அடுத்தது வரேக்கை யோசிச்சு எழுது."

ஆறாம் பாகத்தை இருவருமாக முடித்தோம். கொன்ட்ரோலரைத் தலையணையில் வைத்து, நடப்பதும் திரும்புவதும் என் கை, சுடுவது உன் விரல். குறி தானாகப் போய் நின்றது. கடைசியில் சுரங்கத்து உயிர்களின் தலைவன் விழுந்தபோது, "பாவமடி அது," என்றாய். அடுத்த மாரி முடியுமுன் நீ போய்விட்டாய்.

ஏழாம் பாகத்தை நான்கு நாள் விளையாடினேன். நல்ல விளையாட்டு என்பதை உனக்கு மறைக்க மாட்டேன். பல பேர் பல காலம் உழைத்திருப்பது ஒவ்வொரு பாறையிலும் தெரிகிறது. வற்றிய கடலில் தண்ணீர் திரும்பி வருகிறது. அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். நடுப்பகுதி இழுபடுகிறது. ஆறாம் பாகத்தில் இறந்தவர்களை ஒரே வசனத்தில் கடந்துவிடுகிறார்கள். அந்த உதவியையும் எடுத்துவிட்டார்கள். உண்மையான வீரர்களுக்கான விளையாட்டு என்று விளம்பரம் வேறு. என்னைப் போன்றவர்கள் சிரித்ததால்தான் எடுத்தார்களோ தெரியாது. ஐந்தாம் நாள் இரண்டு விரலால் மட்டும் தொடக்கத்திலிருந்து ஆடிப் பார்த்தேன். முழுப் பகலும் முயன்றும் முதல் பாலத்தைத் தாண்ட முடியவில்லை.

ஆறு புள்ளி போட்டு, யாரால் இதை விளையாட முடியாது என்பதை முதல் பந்தியிலேயே எழுதி அனுப்பினேன். இணையத்தளத்தின் ஆசிரியர் தொலைபேசியில் வந்தார்.

"எல்லாரும் ஒன்பது குடுக்கினம். நீர் என்ன ஆறோடை நிக்கிறீர்? இந்தக் கை விசயத்தைக் கடைசியிலை போடுவமே?"

"ஏலாது அண்ணை. அது முதல்லைதான் வரவேணும்."

"உமக்கு ஏச்சு விழும்."

"ஓம், விழும்."

விழுந்தது. என் பழைய வரியை எடுத்து வந்து எனக்கே காட்டினார்கள். அதை நான் இன்னும் அழிக்கவில்லை. அதன் கீழே, இது தவறு, எழுதியவள் நான் என்று மட்டும் சேர்த்திருக்கிறேன்.

கட்டுரை வெளிவந்த மூன்றாம் நாள் அனலைதீவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வலது கையில் அவருக்கு இரண்டு விரல்தான். 'ஆறாம் பாகத்தை விளையாடி முடிச்சனான் தங்கச்சி. இதையும் வாங்குவம் எண்டு இருந்தனான். நல்லகாலம் நீங்கள் சொன்னது.' ஆறாம் பாகத்தில் தனக்குப் பிடித்த இடங்களையும் நீளமாக எழுதியிருந்தார். நான் மூன்று புள்ளி போட்ட விளையாட்டு அது. இன்னொரு தடவை விளையாடிப் பார்க்கிறேன் அண்ணை என்று பதில் போட்டேன்.

இப்போதும் ஒரு வரி எழுதி எனக்கே சிரிப்பு வந்தால், எழுந்து முற்றத்தில் ஒருதரம் நடந்துவிட்டு வந்து திரும்ப வாசிக்கிறேன். உன் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற வரி என்றால் எடுத்துவிடுகிறேன். சில நேரம் நல்ல பகிடியும் சேர்ந்து போய்விடுகிறது. போகட்டும்.