அக்கரை நேரம் காட்டும் கம்ப்யூட்டர்

ஹில்யா,

மீன் சூப் அடுப்பில் இருக்கிறது. சவுனா நீராவி அறையை அணைத்துவிட்டேன்.

போன ஞாயிறு ஐலா கப்பலிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். "பொண்ணு கூப்பிடல, எல்லாம் உம்ம வாயாலதான்" என்று வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தாயே, கோளாறு கம்ப்யூட்டரில். அது ஆற்றுக்கு அக்கரை ஸ்வீடன் நேரம் காட்டுகிறது, நமக்கு ஒரு மணி பின்னால். அவள் கூப்பிட்டு ஓய்ந்த பிறகுதான் நாம் போய் உட்கார்ந்தோம்.

பக்கத்து வீட்டு ரெய்னோதான் கண்டுபிடித்தான். நான் நேரத்தைத் திருத்தினால், அணைத்துப் போட்டதும் மறுபடி ஸ்வீடனுக்கே ஓடுகிறது. அவன் சிரிக்கிறான்: "உன் பேச்ச அது எதுக்குக் கேக்கும்? இணையப் பெட்டி சொல்ற நேரத்தத்தான் கேக்கும். மலிவுன்னு அந்தப் பெட்டிய அக்கரையில போய் வாங்குனது நீதானப்பா!"

பெட்டி விற்றவனைச் சரிசெய்யக் கூட்டிவரப் பாலம் தாண்டிப் போகிறேன். வருவான் என்று நம்பிக்கையில்லை. அவள் கூப்பிடுகிற நேரத்துக்கு நீ சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து உட்கார். கம்ப்யூட்டரை நம்பாதே.

கிறிஸ்துமஸ் அன்று அவளைக் கடிந்து சொன்னதை நான் திரும்ப வாங்கமாட்டேன்.

ஆனால் போன ஞாயிறு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, இருட்டும்வரை நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததை அவளிடம் நீ சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

எய்னோ