மிகச் சிறப்பு என்று தொட்ட விரல்

திருவும் மழையும் நிலைபெறுக. பனிச்சாரல் நாட்டின் பதினேழு ஏரிகளுக்கும் காவல் பூண்டவரும், மலைவாயில் கோட்டையில் வீற்றிருப்பவருமான அரசி குறிஞ்சிமாதேவியார், அரசவைக் கணினிச்சாலைத் தலைவரும், ‘புதுமைச் செம்மல்’ என்னும் பட்டத்தை அவர் கையாலேயே பெற்றவருமான இளநாகனார்க்கு விடுக்கும் ஓலை. உம் சாலையும் அங்குள்ளாரும் நலம் பெறுக. நலம் கேட்கும் முறை இத்துடன் முடிந்தது. மதகுக் காவலர் செங்கோதையாரை நாடு கடத்தும் தீர்ப்பைப் பற்றி இனி யாம் சினந்தே எழுதுவோம்.

ஆடித் திங்களில் புதிய இயங்குதளத்தை நாடெங்கும் ஒரே நாளில் ஏற்றினீர். மறுநாள் கணினியைத் திறந்தவர்க்கெல்லாம், தம் வீட்டு அடுப்பை யாரோ இடம் மாற்றி வைத்தது போலிருந்தது. அரண்மனை மருத்துவர் நோயாளி ஒருவரின் ஏட்டைத் தேடி அரைநாள் அலைந்தார். யானைக்கொட்டில் அதிகாரி தீவன ஆணையை அனுப்பப் போய், யானைகளின் பெயர்களையே அழித்துவிட்டு எம் முன் வந்து நின்றார். எழுநூறு முறையீடுகள் குவிந்தன. எல்லாவற்றுக்கும் நீர் தந்த மறுமொழி ஒன்றே: பழகிவிடும். பயன்படுத்துவோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் மாற்றத்தை ‘மிகச் சிறப்பு’ என மெச்சியதாக அவையில் பட்டியலும் விரித்தீர். யாமும் நம்பித் தொலைத்தோம்.

வெண்ணாவல் ஏரிக்கு வருவோம். அங்கே செங்கோதையார் பதினோராண்டு ஒரே திரையின் முன் அமர்ந்து பணி செய்தவர். வலக்கோடியில் சிவப்புப் பொத்தான் மதகை மூடும். இடக்கோடியில் பச்சைப் பொத்தான் திறக்கும். கண் நீர்மட்டத்தின் மேலிருக்க, கை தானே போகும். மழைக்காலத்தில் அவ்வேலையை வேறு எப்படியும் செய்ய முடியாது. நீரோ எழில் கருதி இரண்டையும் சாம்பல் நிறமாக்கி, மேலிருந்த எழுத்தை நீக்கி, வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றி வைத்தீர்.

ஆவணி பதினாறாம் நாள் நண்பகலில், கால்வாய்க்கரை கரைகிறது என்று ஏரிக்குக் கீழுள்ள ஊரான கீழைப்புலத்திலிருந்து செய்தி வந்தது. மதகை அக்கணமே மூடவேண்டும். செங்கோதையார் திரையைத் தொடப்போகையில், அதை முழுவதும் மறைத்துக்கொண்டு உமது கேள்வி எழுந்தது: புதிய தோற்றம் எவ்வாறுள்ளது? விலக்கும் வழி இல்லை. ‘சிறப்பு’, ‘மிகச் சிறப்பு’ என்று இரண்டே விடைகள். கைக்கு எட்டியதைத் தொட்டுக் கேள்வியை விரட்டினார். விரட்டிய வேகத்தில் கை பழைய மூலைக்குப் போயிற்று. ஒன்பது மதகுகளும் திறந்துகொண்டன. அவர் உடனே ஊருக்குச் சொல்லி அனைவரையும் மேட்டில் ஏற்றச் செய்ததால் உயிர்கள் பிழைத்தன. கதிர் முற்றிய வயல்கள் மூழ்கின. நாற்பது வீடுகளின் சுவர்கள் விழுந்தன.

வழக்கு அவைக்கு வந்தபோது நீர் உரைத்ததை எழுத்தர் குறித்துள்ளார். தளத்தில் குறையிருந்தால், மதகு திறப்பதற்கு இரு மூச்சு முன்னர் இக்காவலரே அதை ‘மிகச் சிறப்பு’ என்று மெச்சியிருக்க மாட்டார் என்றீர். செங்கோதையார் உரைத்ததும், சொன்னது சொன்னபடியே, ஏட்டில் உள்ளது: “நான் எங்கங்க மெச்சினேன்? மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுக்கிட்டு நகரமாட்டேன்னுச்சு. அங்க கரை கரையுது. எதையோ தொட்டுத் தள்ளிவிட்டேன், அவ்வளவுதாங்க.” அவை சிரித்தது. ஊரையும் பணியையும் விட்டு மூன்று நாளில் அவர் எல்லை கடக்கவேண்டும் என்று யாம் தீர்ப்பளித்தோம். இதை எழுதக் கூசுகிறது.

தீர்ப்புக்கு முத்திரையிட யாமே கணினியின் முன் அமர்ந்தோம். முத்திரைப் பொத்தான் இருந்த இடத்தில் இல்லை. தேடித் தேடி எரிச்சல் மூண்ட வேளையில் உமது கேள்வி வந்து திரையை மறைத்தது. ஒழிந்து போ என்று ‘மிகச் சிறப்பு’ என்பதைத் தொட்டோம். கேள்வி அகன்றது, அடியில் செங்கோதையாரின் பெயர் தெரிந்தது. எம் கை அப்படியே நின்றுவிட்டது.

மெச்சியவர் என்று நீர் எண்ணிக் காட்டும் கூட்டத்தில் இப்போது யாமும் ஒருவர், இளநாகனாரே. நாடு உம்மைப் போற்றவில்லை. வழியை விடு என்று தள்ளியிருக்கிறது. அதைப் புகழென்று மாலையாகப் போட்டுக்கொண்டீர். போதாதென்று, கடமை தவறாத ஒருவரின் வாழ்வையும் பலி கேட்டீர். கொடுக்க இருந்தோமே என்பதுதான் எமக்கு ஆறவில்லை.

ஆதலின் கட்டளை யாதெனில், அத்தீர்ப்பு முத்திரை பெறாமலே ஒழிந்தது. சிரித்த அவையோர் முன்னிலையிலேயே செங்கோதையாரிடம் யாம் பிழை பொறுக்கக் கேட்டோம். பணிக்குத் திரும்புவீரா என்று வினவியதற்கு, “பொத்தான் இருந்த எடத்துக்கு வரட்டும்ங்க, நான் வரேன்” என்றார். அதை உம் சாலையில் இளையோர் செய்து முடிப்பர். நீரும் உம் துணைத்தலைவர் இருவரும் வெண்ணாவலுக்குச் செல்க. கார்காலம் முடியும்வரை மதகுக் காவல் உங்களுடையது. உமக்குக் கணினி தேவைப்படாது. அன்று செங்கோதையார் உள்ளங்கை கிழியச் சுற்றி ஒன்பது மதகுகளையும் மீண்டும் அடைத்த இரும்புச் சக்கரம் கரைமேல் உள்ளது.

இஃது எம் கைப்பட எழுதி, ஏரிமீன் இலச்சினை பதித்து விடுத்தது. கண்ட நாழிகையே புறப்படுக. சக்கரம் எங்கே என்று எவரையும் கேட்கவேண்டியதில்லை. நூறாண்டாக அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது.