சாகாத செவலைக்கு வந்த பணம்

அன்பு மகள் ஸோல்சயாவுக்கு அம்மா எழுதுவது. இந்தக் குளிரையும் தாண்டி நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். கொரியாவில் நீயும் உடம்பில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய் என்று கேட்டால்தான் எனக்கு டீ தொண்டையில் இறங்கும். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் அங்கே திரும்பிப் போகிற பக்கத்துக் கூடாரத்து டாஷ்சேவெக்கின் மகனிடம் காய்ந்த தயிர்க்கட்டிகளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஆடுகளில் பாதிக்கு மேல் போனது உனக்குத் தெரியும். பனி உருகி மறுபடி இரும்பாக இறுகியதில், குளம்பால் உதைத்தும் புல் எட்டாமல் நின்ற இடத்திலேயே விழுந்தன. அரசாங்கம் நிவாரணம் அறிவித்து, செத்ததைக் கணக்கெடுக்க ஆள் வந்தார். ஓடைப் பள்ளத்தில் பாதி பனிக்குள் கிடந்த சிவப்புக் குதிரையைக் காட்டி இது யாருடையது என்றார். எங்கள் ஸோல்சயாவின் செவலை என்று நான்தான் சொன்னேன். சூட்டுக்குறி பனிக்கடியில் இருந்தது, தோண்டிப் பார்க்க மனசு வரவில்லை. இத்தனை வருஷத் தோல் வியாபாரத்தில் தோலைப் பார்த்தே எந்த மேய்ச்சல் என்று சொல்கிறவள் நான், எனக்கே தப்பிவிட்டது. போனில் உனக்குச் சொன்னேன். அப்படின்னா கோடைக்கு நான் எதுக்கும்மா வரணும், வேலையை இன்னும் நீட்டிச்சுக்கறேன் என்றாய். நான் இருக்கிறேனே என்று வாய்வரை வந்தது. கேட்காத சரக்கை நீட்டி எனக்குப் பழக்கமில்லை, விட்டுவிட்டேன்.

இப்போது கேள். செவலை சாகவில்லை. புயலில் காற்றோடு ஒதுங்கி யாருடைய கூட்டத்திலோ குளிர் முழுக்க இருந்துவிட்டு, போன வாரம் தானாக வந்து நம் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்தது. விலா எலும்பெல்லாம் தெரிகிறது, இடது காது நுனி குளிரில் கருகி உதிர்ந்திருக்கிறது, மற்றபடி அதே திமிர். அப்பாவைக் கிட்டே விடவில்லை. நான் உன் பழைய அங்கியைப் போட்டுக்கொண்டு போனேன். மோந்து பார்த்தது, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அந்த அங்கிக்குள் நான் தேடுவதும் உன்னைத்தானே.

செவலை செத்ததற்கென்று வந்த நிவாரணப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் டாஷ்சேவெக், அக்கா, நாங்க தோல் கொண்டுவந்தா ஓரத்துக் கிழிசலுக்குக்கூட விலையைக் குறைப்பீங்க, இப்ப அரசாங்கத்துக்கே தர்மமா என்று சிரித்தான். சிரிக்கட்டும். அந்தக் கணக்கில் உன் பெயருக்கு நேரே செத்தது என்று இருக்கிறது, எனக்கு அது இருக்கக்கூடாது. ஆபீஸில், குதிரை உன் பெயரில் இருப்பதால் உடையவளே வந்து உயிரோடிருக்கிறது என்று கையெழுத்துப் போடணும் என்றார்கள். அப்பா, அவ அங்கிருந்தே எழுதிக் கொடுத்தா ஆகாதா என்று ஆரம்பித்தார், மேஜைக்கடியில் அவர் காலை அழுத்தி மிதித்தேன். ஆகும் என்றுதான் நினைக்கிறேன். உன்னிடம் மறைத்து வியாபாரம் செய்ய விருப்பமில்லை, அதனால் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஆபீஸில் நான் அதைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

ஒட்டகக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், இரண்டையும் தோழிகளுக்குக் கொடுத்துவிடாதே. வேலை நீட்டிப்புக்கு இப்போதே ஒப்புக்கொள்ளாதே. தினமும் முதல் டீயை, நீ பத்திரமாகத் திரும்பணும் என்று வேண்டி, நீ போன திசைக்குத்தான் தெளிக்கிறேன், உன் வழியெல்லாம் பால்போல வெளுத்திருக்கட்டும். புல் பழுப்பதற்குள் வா. அதுவரை அரசாங்கத்துக்குச் செவலை செத்ததுதான்.

உன் வரவு பார்த்திருக்கும் அம்மா,
தெஜிட்மா